கோப்பையா, கொள்கையா: பில்பாவோவின் பக்கம் நின்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஸ்பானியக் கால்பந்தைப் பற்றிப் பேசினால் கேட்க இத்தனை பேர் வருவார்கள் என்று காட்டியிருக்கும் ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு கால்பந்து கிளப்பின் பெருமை அது வென்ற கோப்பைகளிலா, அது விடாமல் பிடித்திருக்கும் கொள்கையிலா?" இதுதான் தலைப்பு. கொள்கையில்தான் என்று பேச வந்திருக்கிறேன். என் சாட்சி ஒரே ஒரு கிளப், அத்லெட்டிக் பில்பாவோ.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் கையில் கணக்கோடு வந்தார். ரியல் மாட்ரிட் 15 முறை ஐரோப்பிய சாம்பியன், பில்பாவோ ஒரு முறைகூட இல்லை என்றார். 1984க்குப் பிறகு லீக் பட்டமோ, ஸ்பெயினின் நாக்-அவுட் போட்டியான மன்னர் கோப்பையோ வெல்ல 40 வருடம் ஆன கிளப்பைப் பற்றி என்ன பெருமை என்று கேட்டார். கடைசியாக, தன் மண்ணைச் சேர்ந்தவர்களைத் தவிர வேறு யாரையும் சேர்க்க மாட்டோம் என்பது கொள்கையா, குறுகிய மனமா என்றும் கேட்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது. கேள்விகளும் நல்ல கேள்விகள்தான். பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் அந்தக் கொள்கை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடக்கில், கடலோரத்தில் இருக்கிறது பாஸ்க் நாடு, பில்பாவோ நகரம் அங்கேதான். பிஸ்காயா, கிபுஸ்கோவா, அலாவா, அப்புறம் பக்கத்திலுள்ள நவார்ரா, எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கம் இருக்கும் பாஸ்க் பகுதிகள், எல்லாம் சேர்த்தாலும் முப்பது லட்சம் பேரைச் சுற்றித்தான் மக்கள்தொகை. அங்கே பிறந்தவர்கள், அல்லது அங்கேயுள்ள கிளப்களில் ஆட்டம் கற்று வளர்ந்தவர்கள், இவர்கள் மட்டும்தான் அத்லெட்டிக்கின் சட்டையைப் போடலாம். கிளப்பின் சட்டவிதிகளில் இது எழுதப்படவில்லை. யாரும் வந்து மீறினால் தண்டிக்கப் போவதில்லை. இருந்தும் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு தலைவரும் இதை மீறவில்லை.

இத்தனைக்கும் இந்த கிளப்பின் வேரிலேயே வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பில்பாவோவின் இரும்புச் சுரங்கங்களுக்கும் கப்பல் தளங்களுக்கும் வேலைக்கு வந்த ஆங்கிலேயர்களும், பிரிட்டனில் படித்துவிட்டுத் திரும்பிய உள்ளூர் இளைஞர்களும்தான் அங்கே பந்தை உருட்டத் தொடங்கினார்கள். 1898ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கிளப் கொண்டாடுகிறது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகூட 1910இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து வாங்கி வந்ததுதான். எதிரணி நண்பர் போகிற போக்கில் அட்லெட்டிகோ மாட்ரிட்டைப் புகழ்ந்தாரே, அந்தக் கிளப்பே மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903இல் பில்பாவோவின் கிளையாக ஆரம்பித்ததுதான். இன்றும் இரண்டு அணிகளும் அதே கோடுகளைத்தான் போட்டுக்கொண்டு ஆடுகின்றன. 1911 கோப்பைப் போட்டியில் ஆங்கிலேய வீரர்களை இறக்கியது பெரிய சர்ச்சையாகியது. அதற்குப் பிறகு பில்பாவோ உள்ளூர் வீரர்களோடு நின்றுகொண்டது. அன்று எல்லோருக்கும் அது சாதாரணம். எல்லோரும் ஒவ்வொருவராக விட்டுவிட்ட பிறகும் இவர்கள் விடவில்லை என்பதுதான் விஷயம்.

சரி, கோப்பைக் கணக்குக்கே வருகிறேன். கோப்பையே இல்லாதவர்கள்தான் கொள்கை பேசுவார்கள் என்ற எண்ணம் எதிரணிக்கு இருப்பதுபோல் தெரிகிறது. 8 லீக் பட்டங்கள், 24 மன்னர் கோப்பைகள் பில்பாவோவிடம் இருக்கின்றன. மன்னர் கோப்பையில் இவர்களைவிட அதிகம் வென்றது பார்சிலோனா மட்டும்தான். ரியல் மாட்ரிட் இந்த வரிசையில் பில்பாவோவுக்குப் பின்னால் நிற்கிறது. 1929இல் ஸ்பெயினின் முதல் பிரிவு லீக்கான லா லிகா தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட இரண்டாம் பிரிவுக்கு இறங்காத கிளப்கள் ஸ்பெயினில் மூன்றே மூன்று. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக் பில்பாவோ. முதல் இரண்டு அணிகளும் உலகச் சந்தை முழுக்கக் கூடை தூக்கிச் சுற்றி வந்து பந்தி போட்டவர்கள். மூன்றாவது அணி தன் கொல்லையில் விளைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அதே பந்தியைப் போட்டது. நடுவர் அவர்களே, இரண்டு சாப்பாட்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவது எப்படி நியாயமாகும்?

1929-30 பருவத்தைப் பாருங்கள். தலையில் வட்டத் தொப்பியோடு அலையும் ஃபிரெட் பென்ட்லண்ட் என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளர். கொள்கை வீரர்களுக்குத்தான், பயிற்சியாளருக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள். கற்றுக்கொடுக்க யார் வந்தாலும் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. நீளமாக உதைத்துவிட்டு ஓடும் பழக்கத்தை மாற்றி, குறுகிய பாஸ்களில் ஆடச் சொன்னார் அவர். அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்கள், 12 வெற்றி, 6 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. தோற்காமலே லா லிகா பட்டம் வென்றவர்கள் வரலாற்றில் இரண்டே அணிகள்தான், முதலாவது இவர்கள். அடுத்த பருவத்தில், 1931 பிப்ரவரியில், பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள். பாட்டா என்ற முன்கள வீரர் தனியாக ஏழு கோல் போட்டார். பார்சிலோனா தன் வரலாற்றில் வாங்கிய மிகப்பெரிய அடி இன்றைக்கும் அதுதான். 1930, 1931 இரண்டு ஆண்டுகளிலும் லீக், கோப்பை இரண்டுமே பில்பாவோவுக்குத்தான்.

அந்த அணி அப்படியே வளர்ந்திருந்தால் எங்கே போயிருக்குமோ. 1936இல் உள்நாட்டுப் போர் வந்தது. 1937 ஏப்ரலில் பாஸ்க் மண்ணின் கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு மழை. ஜூனில் பில்பாவோ, பின்னாளில் சர்வாதிகாரியான தளபதி ஃபிராங்கோவின் படையிடம் விழுந்தது. பாஸ்க் அரசாங்கத்துக்காக ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சுற்றி ஆடப் போன அணியில் பில்பாவோ வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்தச் சிவப்பு வெள்ளைச் சட்டையைப் போடவில்லை. போர் முடிந்ததும் வெளிநாட்டுப் பெயர்கள் கூடாது என்று ஆட்சி ஆணை போட, 1941இல் கிளப்பின் பெயரையே 'அட்லெட்டிகோ பில்பாவோ' என்று மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பெயரைத் திரும்பப் பெற முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. வீரர்கள் போய், பெயரும் போய் நின்ற நிலையில் பணக்காரக் கிளப்பாக இருந்தால் வெளியே போய் வாங்கியிருக்கலாம். இவர்கள் ஊர் ஊராகப் பையன்களைத் தேடினார்கள். 1943இல் மறுபடியும் லீக், கோப்பை இரண்டையும் வென்றார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கிளப்பின் 8 லீக் பட்டங்களில் கனமானது அந்த ஒன்றுதான்.

அப்படித் தேடிக் கிடைத்தவர்களில் ஒருவர் டெல்மோ சாரா. லா லிகாவில் 251 கோல். மெஸ்ஸி 2014இல் தாண்டும்வரை ஏறக்குறைய அறுபது வருடம் அசையாத சாதனை அது. 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்தை ஸ்பெயின் வீழ்த்தியதும் சாரா போட்ட ஒரே கோலில்தான்.

1958ஐப் பற்றிச் சொல்லாமல் நான் நகர மாட்டேன். மன்னர் கோப்பை இறுதிப் போட்டி, எதிரில் ரியல் மாட்ரிட். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் தொடர்ந்து மூன்றாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றுவிட்டு, அந்த ஆண்டின் லீக் பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்றைய பெரிய நட்சத்திரம் டி ஸ்டெஃபானோ ஆடுகிறார். ஆட்டம் நடுநிலை மைதானத்தில் இல்லை, மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். 2-0 என்று பில்பாவோ வென்றது. அந்த அணிக்கு 'பதினொரு கிராமத்தான்கள்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அதைச் சொன்னவர் கிளப்பின் தலைவரே, பெருமையாகச் சொன்னார். எதிரணி நண்பர் சொன்ன 15இல் மூன்று கோப்பைகளை அப்போது கையில் வைத்திருந்த அணியைத்தான் அந்தப் பதினொரு பேரும் அதன் வீட்டிலேயே வென்றார்கள். கோப்பை எண்ணிக்கை மட்டும் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பில்பாவோவின் சொந்த மைதானமான சான் மாமேஸுக்குப் போனால் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. ரஃபேல் மோரேனோ, எல்லோருக்கும் பிச்சிச்சி. 1913இல் பழைய சான் மாமேஸ் மைதானம் திறந்தபோது முதல் கோல் அவருடையது. 29 வயதிலேயே இறந்துபோனார். லா லிகாவில் அதிக கோல் போடுபவருக்கு இன்றும் கொடுக்கிறார்களே, அந்த விருது இவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மைதானத்துக்கு முதல் முறையாக ஆட வரும் எதிரணியின் கேப்டன் அந்தச் சிலைக்குப் பூ வைத்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும் என்பது மரபு. எவ்வளவு பெரிய கிளப்பாக இருந்தாலும் சரி. இந்த மரியாதையை வாங்க ஒரு கிளப் எத்தனை கோடி கொடுக்க வேண்டும்?

இன்னொரு நாள், 1976 டிசம்பர் 5. ஃபிராங்கோ இறந்து ஓராண்டு ஆகியிருந்தது, ஆனால் பாஸ்க் கொடியைத் தூக்குவது அப்போதும் சட்டவிரோதம். இன்னொரு பாஸ்க் நகரமான சான் செபாஸ்டியனில், அந்த ஊரின் ரியல் சோசியேதாத் அணியோடு ஆட்டம். இரண்டு அணிகளும் வரிசையாக வருகின்றன. முன்னால் சோசியேதாத் கேப்டன் கோர்தபார்ரியாவும், பில்பாவோவின் கோல்கீப்பர் ஹோசே ஆங்கெல் இரிபாரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கொடியைக் களத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பல்லாயிரம் பேர் கண்ணெதிரே. சில வாரங்களில், 1977 ஜனவரியில், அந்தக் கொடி அனுமதிக்கப்பட்டது. இரிபார் பில்பாவோவுக்காக 614 ஆட்டம் ஆடியவர், கிளப்பின் வரலாற்றில் அவ்வளவு ஆடியவர் வேறு யாரும் இல்லை. வாங்கிக் கொண்டுவந்த நட்சத்திரம் ஒருவரிடம் இந்த வேலையை எதிர்பார்க்க முடியுமா? எதிர்பார்ப்பதே தப்பு. அது அவருடைய கொடி இல்லை, அவருடைய ஊரும் இல்லை.

சோசியேதாத் பற்றிச் சொன்னதால் எதிரணியின் ஒரு முக்கியமான வாதத்தைத் தொட்டுவிடுகிறேன். 'காலம் மாறிவிட்டது, கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தினால்தானே பிழைக்கலாம்' என்கிறார்கள். சோசியேதாத்தும் அப்போது உள்ளூர் வீரர்களை மட்டும் வைத்து ஆடிய கிளப்தான். 1981, 1982 லீக் பட்டங்கள் அவர்களுக்கு. 1983, 1984 பட்டங்கள் பயிற்சியாளர் ஹாவியர் கிளெமென்தேயின் பில்பாவோவுக்கு. 1984இல் மரடோனா ஆடிய பார்சிலோனாவை இறுதிப் போட்டியில் 1-0 என்று வென்று மன்னர் கோப்பையும் வந்தது. நாலு வருடம் தொடர்ச்சியாக ஸ்பெயினின் பட்டம் இந்தச் சின்ன நிலத்தைவிட்டு வெளியே போகவில்லை. அப்புறம் 1989இல் சோசியேதாத் கொள்கையைத் தளர்த்தியது, ஜான் ஆல்ட்ரிட்ஜ் என்ற வெளிநாட்டு வீரரை லிவர்பூலிலிருந்து வாங்கியது. அது அவர்கள் முடிவு, அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 2006-07 பருவத்தில் என்ன நடந்தது? இரண்டு கிளப்களும் கீழே தள்ளாடின. பில்பாவோ கடைசி நாளில் லெவான்தேயை 2-0 என்று வென்று, 17ஆம் இடத்தில் தொங்கிக்கொண்டு தப்பியது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது சோசியேதாத். கொள்கையை விட்டதால்தான் இறங்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விட்டால் பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிரணி சொன்னதே, அதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் பில்பாவோ ரசிகர்களிடமே கேட்டிருக்கிறார்கள். 1990களில் எல் முண்டோ நாளிதழ் எடுத்த கருத்துக்கணிப்பில், கொள்கையைக் கைவிடுவதைவிட இரண்டாம் பிரிவுக்கு இறங்கினாலும் பரவாயில்லை என்று 76 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் வெறும் ரசிகர்கள் மட்டும் இல்லை, கிளப்பின் சொந்தக்காரர்கள். 1990இல் வந்த விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு ஸ்பெயினில் பெரும்பாலான தொழில்முறைக் கிளப்கள் நிறுவனங்களாக மாறின. உறுப்பினர்கள் கையிலேயே இருப்பவை நான்கு, அதில் பில்பாவோ ஒன்று. மாட்ரிட்டும் பார்சிலோனாவும்கூட அந்த நான்கில் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய கிளப்கள் வந்து கேட்டால் பில்பாவோ பேரம் பேசுவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய முழுத் தொகையையும் வைத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். 2018இல் தடுப்பாட்ட வீரர் லபோர்ட்டுக்கு மான்செஸ்டர் சிட்டி 65 மில்லியன் யூரோ வைத்தது. அதே ஆண்டில் கோல்கீப்பர் கெபாவுக்குச் செல்சி 80 மில்லியன் வைத்தது. ஒரு கோல்கீப்பருக்கு உலகத்தில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை. வேறு எந்தக் கிளப்பாக இருந்தாலும் அந்தப் பணம் மறுநாளே பிரேசிலுக்கோ அர்ஜென்டினாவுக்கோ போயிருக்கும். இவர்களுக்கு அந்த வழி இல்லை. 1971 முதல் லெஸாமாவில் நடக்கும் பயிற்சிப் பள்ளிதான் இவர்களுடைய சந்தை. அடுத்த வீரன் பத்து வயதில் அங்கேதான் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான், அவன் வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெண்கள் அணிக்கும் இதே கொள்கைதான். ஐந்து லீக் பட்டம் வென்றவர்கள் அவர்கள். 2019 ஜனவரியில் அவர்களுடைய கோப்பை ஆட்டம் ஒன்றைப் பார்க்க சான் மாமேஸுக்கு 48,121 பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஆடுகிறாள் என்றால் வராமல் இருப்பார்களா?

இப்போது குறுகிய மனம் என்ற குற்றச்சாட்டு. எதிரணி வைத்ததில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது இதுதான், அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன். இது ரத்தத்தைப் பார்க்கும் கொள்கையாக இருந்திருந்தால் நான் இந்த மேடையில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க மாட்டேன். கானாவிலிருந்து ஒரு தம்பதி சஹாரா பாலைவனத்தை நடந்து கடந்தார்கள். சுடுமணலில் வெறுங்காலோடு நடந்த தகப்பனின் பாதங்களில் அந்தக் காயம் அப்புறமும் விடவில்லை. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகரமான மெலில்லாவில் எல்லை வேலியைத் தாண்டி ஸ்பெயினுக்குள் வந்து, பில்பாவோவை வந்தடைந்தார்கள். 1994இல் அங்கே பிறந்த பிள்ளைக்கு, தங்களுக்குக் கைகொடுத்த பாதிரியாரின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் இன்யாக்கி வில்லியம்ஸ். 2016 ஏப்ரலிலிருந்து 2023 ஜனவரிவரை ஒரு ஆட்டமும் விடாமல் தொடர்ந்து 251 லா லிகா ஆட்டங்கள் ஆடினார், வேறு யாரும் செய்யாதது. சாராவின் கோல்களும் 251, இன்யாக்கியின் தொடர் ஆட்டங்களும் 251. இரண்டு எண்களும் ஒரே கிளப்பில் வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த தற்செயல். இன்யாக்கி கானாவுக்காக உலகக் கோப்பை ஆடினார். தம்பி நீக்கோ ஸ்பெயினுக்காக, நாடுகளுக்கிடையிலான 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் கோல் போட்டார். அண்ணனும் தம்பியும் இரண்டு நாடுகளுக்கு ஆடுகிறார்கள், ஒரே கிளப்புக்கு ஆடுகிறார்கள். பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று பில்பாவோ கேட்கவில்லை, நீ எங்கே வளர்ந்தாய் என்றுதான் கேட்டது. முதல் கறுப்பின வீரரைப் பார்க்க அந்த ரசிகர்கள் 2011வரை காத்திருந்தார்கள் என்பதும் உண்மைதான். தாமதம்தான். ஆனால் எல்லை நகர்ந்திருக்கிறது, கொள்கை உடையாமலே நகர்ந்திருக்கிறது.

நாற்பது வருடத்துக்கும் பதில் பாக்கி இருக்கிறது. 1984க்குப் பிறகு ஆறு மன்னர் கோப்பை இறுதிப் போட்டிகளில் பில்பாவோ தோற்றது. அதில் இரண்டு, 2021 ஏப்ரலில் இரண்டே வார இடைவெளியில். ஒன்று சோசியேதாத்திடம், இன்னொன்று பார்சிலோனாவிடம். அந்தத் தோல்விகளில் எந்த இடத்திலும் 'போதும், வெளியே போய் வாங்குவோம்' என்ற முடிவு வரவில்லை. 2024 ஏப்ரல் 6, செவில்லா நகரம், மறுபடி மன்னர் கோப்பை இறுதிப் போட்டி. எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேலே பயணம் செய்து பல்லாயிரம் பேர் போனார்கள், டிக்கெட் இல்லாதவர்களும் போனார்கள். எதிரில் மயோர்கா, அவர்கள்தான் முதலில் கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் நீக்கோ கொடுத்த பந்தில் ஓய்ஹான் சான்செட் சமன் செய்தார். பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் அகிர்ரெசபாலா ஒன்றைத் தடுத்தார், மயோர்காவின் இன்னொரு பந்து மேலே பறந்தது. அலெக்ஸ் பெரெங்கேர் கடைசிப் பந்தை வலைக்குள் அடித்தார். 4-2.

ஐந்து நாள் கழித்து, 1983லும் 1984லும் சாம்பியன்களைச் சுமந்த அதே 'கபார்ரா' என்ற சரக்குப் படகு மறுபடி நெர்வியோன் கழிமுகத்தில் இறங்கியது. இரண்டு கரையிலும் லட்சக்கணக்கில் மக்கள். 84இல் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வருடத்துக்கு இரண்டு கோப்பை வாங்கும் ஊரில் இப்படி ஒரு நாள் வராது, நடுவர் அவர்களே. அடுத்த பருவமே பில்பாவோ லீக்கில் நாலாம் இடம் பிடித்து, பத்து வருடத்துக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக் ஆடத் தகுதியும் பெற்றது.

இறங்குவதற்கு முன் எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். 2025 கோடையில் நீக்கோ வில்லியம்ஸை இழுக்கப் பார்சிலோனா முயன்றது. அவருக்கு 22 வயது. அங்கே போனால் கோப்பைகள் வரிசையாக வரும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் பில்பாவோவில் 2035வரை கையெழுத்துப் போட்டார். கோப்பைதான் பெருமை என்றால், அந்தப் பையன் எதைப் பார்த்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்பதை எதிரணித் தலைவர் தன் உரையில் விளக்க வேண்டும். நன்றி, வணக்கம்.